எம்டன்: ஒரு கப்பற்றலைவரும் ஒரு யாழ்ப்பாணச் சொல்லும்

"அவன் சரியான எம்டன்" என்றால் ஆள் தந்திரக்காரன், கவனமாயிரு என்று பொருள். ஜேர்மனியப் போர்க்கப்பலின் பெயரே இச்சொல் என்பதில் ஐயமில்லை. எதனால் அது தந்திரக்காரனைக் குறித்தது என்பதே கேள்வி.

தமிழில் திரும்பத் திரும்ப அச்சேறிய ஒரு வாசிப்பு, 1914 செப்ரெம்பர் 22 இரவு சென்னை தாக்கப்பட்டபோது இந்திய விடுதலைப் போராளி செண்பகராமன்பிள்ளை கப்பலில் இருந்தார் என்கிறது. சொல்லின் செல்வாக்கையும் அவர் கணக்கிலேயே எழுதுகிறது. இதை ஏற்க இயலவில்லை. எம்டன் ஓகஸ்ற் முதல் வாரத்தில் சீனத்துச் சிங்தாவிலிருந்து புறப்பட்டது. அம்மாத நடுவில் பகான் தீவருகே அட்மிரல் ஷ்பேயின் அணியைப் பிரிந்தது. செண்பகராமனோ அப்போது சூரிச்சில் இருந்தார். ஒக்ரோபரில் பேர்லின் சென்றார். ஐரோப்பாவில் இருந்தவர் நடுக்கடலில் ஏறியது எப்படி? இந்தியரிடையே பரபரப்பை உண்டாக்குவதும் ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைப்பதும் தம் நோக்கங்கள் என்று தலைவர் கார்ல் ஃபொன் முல்லரே குறித்ததை மறுதரப்பார் துணைக்கழைக்கலாம். அது முல்லரின் நோக்கத்துக்குச் சான்று. செண்பகராமனின் இருப்புக்கு அன்று.

சிலர் 'எமன்' என்பதிலிருந்து சொல்லைப் பிறப்பிப்பர். தமிழ்ச் சொல்லில் மகர மெய்யை அடுத்து டகரம் வராது. மலையாளம் 'யமண்டன்' என்று தன் வாய்க்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. நாம் 'ம்ட' என்ற அந்நிய மயக்கத்தை அப்படியே வைத்திருக்கிறோம். எமனில் பிறந்த சொல்லுக்கு இந்த முரடு எதற்கு? பொருளும் பொருந்தாது. எம்டன் கொல்பவனல்லன், ஏய்ப்பவன்.

சென்னை கண்டது தீயைத்தான்: நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள், எரிந்த பர்மா எண்ணெய்த் தாங்கிகள். பாக்கு நீரிணையின் ஆழம் போதாமையால் கப்பல் யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கே ஆழ்கடலால் இலங்கையைச் சுற்றிப்போய், கொழும்புப் பக்கம் வணிகக் கப்பல்களைப் பிடித்தது. ஏய்ப்பு வெளிப்பட்டது பினாங்கில். மூன்று புகைபோக்கியுள்ள கப்பலுக்கு முல்லர் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டி, பிரித்தானிய யார்மவுத்தைப் போலத் தோன்றச் செய்தார். ஒக்ரோபர் 28 விடியலில் துறைமுகத்துள் புகுந்து ருஷ்யக் கப்பல் ஷெம்சூக்கை மூழ்கடித்தார். அன்று மலாயாவில் உத்தியோகம் பார்த்த நம்மவர் எத்தனை பேர்! சொல்லின் பொருள் பினாங்கிலிருந்து கடிதங்களோடு வந்தது என்பது என் துணிபு. தமிழகத்திலும் இதே பொருள் உண்டு என்பது இதற்குத் தடையே. ஆயினும் நாகபட்டினம்-பினாங்குக் கப்பற் போக்குவரத்து அதற்கும் வழி காட்டும். சொல் வழக்கில் ஏறிய ஆண்டை நான் வரையறுக்கத் துணியவில்லை.

நவம்பர் 9 இல் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது. சிறைப்பட்ட முல்லர் மோல்ற்றாவிலும் பின் இங்கிலாந்திலும் அடைக்கப்பட்டார். 1917 இல் சுரங்கம் தோண்டித் தப்பியோரில் ஒருவராகி, மீண்டும் பிடிபட்டார். தம் போரைப் பற்றி நூல் எழுதாமலே 1923 மார்ச்சில் இறந்தார்.

மலாயாவிலிருந்து வந்த பழைய கடிதக் கட்டுகள் வீட்டில் இருப்போர், 1914க்குப் பிற்பட்டவற்றில் இச்சொல் உண்டா என ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்.