மூட்டுவலி: வகை அறிந்து பெற வேண்டிய சிகிச்சை

மூட்டில் வலி தொடங்கினால் மருந்துக் கடையில் வலிநிவாரணி வாங்கி உட்கொள்வதும், முதுமையின் விளைவு என்று பொறுத்துக்கொள்வதும் பலரின் வழக்கமாக உள்ளது. ஆனால், மூட்டுவலி என்பது தனி நோயன்று. பல நோய்களின் பொதுவான அறிகுறி. காரணத்துக்கேற்ப சிகிச்சையும் மாறுபடும். காரணத்தை அறியாமல் வலியை மட்டும் அடக்கினால், மூட்டைப் பாதுகாப்பதற்கான காலம் கடந்துவிடக்கூடும்.

மூட்டுத் தேய்மானம்

எலும்புகளின் முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு சிதைவதால் ஏற்படும் இந்நோய் முழங்காலையே அதிகம் தாக்குகிறது. நடக்கும்போதும் படியேறும்போதும் வலி கூடும், ஓய்வில் குறையும். காலை நேர விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் நீங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் தகவல்படி, 2019-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 52.8 கோடி பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பெண்கள்.

முடக்குவாதம்

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது முடக்குவாதம். இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்குதல், காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விறைப்பு நீடித்தல், சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். நடுத்தர வயதிலும், அதற்கு முன்பும்கூட இது தோன்றலாம். அறிகுறி தோன்றிய சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூட்டுகள் உருக்குலைவதைப் பெருமளவு தடுக்க முடியும்.

பிற காரணங்கள்

ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் படிகங்களாகப் படிவதால், கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து கடுமையாக வலிக்கலாம். சிக்குன்குனியா காய்ச்சல் தணிந்த பின்னரும் சிலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. காய்ச்சலுடன் ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சூடாகி, அசைக்க இயலாமல் போனால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். இந்நிலையில் அன்றே மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.

சிகிச்சை முறைகள்

தேய்மானத்துக்கு முதன்மைச் சிகிச்சை உடற்பயிற்சியும் எடைக் குறைப்புமே. தொடைத் தசைகள் வலுப்பெற்றால் முழங்காலின் சுமை குறையும். வலிக்கும் என்று அஞ்சி நடமாட்டத்தை முற்றிலும் நிறுத்தினால் தசைகள் மேலும் நலிவடையும். வலியுள்ள இடத்தில் பூசும் களிம்புகள் மாத்திரைகளைவிடப் பாதுகாப்பானவை. மூட்டுக்குள் செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசி தற்காலிக நிவாரணமே தரும்.

முடக்குவாதத்துக்கு வலிநிவாரணி மட்டும் போதாது. நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் தேவை. அவற்றுள் முதன்மையான மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டியது. தவறுதலாக அன்றாடம் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம். கருவுற்றிருப்போர் இதை உட்கொள்ளக் கூடாது.

வலிநிவாரணிகளில் எச்சரிக்கை

டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி நீண்ட நாள் உட்கொண்டால் இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும், சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். உட்பொருள் குறிப்பிடப்படாத பொடிகளையும் மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. வலி உடனே குறைந்தாலும், நாளடைவில் எலும்புகள் வலுவிழக்கும். ரத்தச் சர்க்கரை உயரும்.

அறுவை சிகிச்சை எப்போது?

மேற்கண்ட முறைகளால் பயனின்றி, அன்றாட நடமாட்டமும் உறக்கமும் பாதிக்கப்படும் நிலையிலேயே மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தென்படுவது மட்டுமே அதற்குக் காரணமாகாது. பொருத்தப்படும் செயற்கை முழங்கால் மூட்டுகளில் பெரும்பாலானவை 20 ஆண்டுகளுக்கு மேல் பயன் தருகின்றன. செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கான விலை உச்சவரம்பை, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கொண்டுவந்தது.

மூட்டு வீக்கமோ காலை விறைப்போ 6 வாரங்களுக்கு மேல் நீடித்தால், வலி தாங்கக்கூடியதாக இருப்பினும் மருத்துவரை அணுகிக் காரணத்தைக் கண்டறிவதே மூட்டுகளைக் காக்கும் முதற்படி.