மீண்டு வந்த பேராமை: எந்த வருஷத்திலிருந்து எண்ணுவது?

2025 அக்டோபரில் ஒருநாள் காலையில் மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. பச்சைக் கடலாமையை 'அழியும் ஆபத்தில் உள்ளவை' என்ற வகையிலிருந்து எடுத்து, 'கவலை குறைவு' என்ற வகைக்கு ஐ.யூ.சி.என். மாற்றிவிட்டது. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்புப் பட்டியல் போடுகிற சர்வதேச அமைப்புதான் ஐ.யூ.சி.என். 1970களோடு ஒப்பிட்டால், உலகம் முழுக்க இந்த ஆமைகளின் எண்ணிக்கை சுமார் 28 சதவீதம் கூடியிருக்கிறதாம்.

நல்ல செய்தி. உடனே ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன். அவள் திருப்பிக் கேட்ட கேள்விதான் இன்றைய எபிசோட்: "சரி, 1970-க்கு முன்னாடி எத்தனை இருந்துச்சு?"

முதலில் ஒரு சின்ன விளக்கம். உங்களில் சிலர் பெசன்ட் நகரில் ராத்திரி ஆமை நடைக்குப் போயிருப்பீங்க. அங்கே முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை, சின்ன வகை. இன்றைக்கு நாம் பேசப்போவது வேறு ஆமை. நம்ம கடலோரத்தில் அதற்குப் பேராமை என்று பெயர். மன்னார் வளைகுடாவின் கடற்புல் வெளிகளில் மேய்கிறது. வளர்ந்த ஆமை சாதாரணமாக 100 கிலோவைத் தாண்டும். குஞ்சாக இருக்கும்போது கிடைத்ததையெல்லாம் சாப்பிடும். வளர்ந்த பிறகு பெரும்பாலும் கடற்புல், கடற்பாசி. மாடு புல் மேய்கிற மாதிரிதான்.

அப்புறம் அந்த 'பச்சை'. படத்தில் பார்த்தால் ஓடு பழுப்பாகத்தான் இருக்கும். பச்சை என்பது ஓட்டின் நிறம் இல்லை, உள்ளே இருக்கும் கொழுப்பின் நிறம். அதாவது, இந்த ஆமைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் அதை அறுத்துப் பார்த்தவர்கள். அதன் வரலாறு முழுக்க அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கடல் முழுக்கப் பாறை

1503 மே 10. கொலம்பஸ் தன் நான்காவது, கடைசிப் பயணத்தில் இருக்கிறார். பனாமா பக்கத்திலிருந்து திரும்பும் கப்பல்களைக் காற்று தள்ளிக்கொண்டுபோக, கரீபியன் கடலில் இரண்டு சின்னத் தீவுகள் கண்ணில் படுகின்றன. அந்தப் பயணத்தில் அவருடைய மகன் ஃபெர்டினாண்டும் இருந்தார். ஸ்பெயினிலிருந்து கிளம்பியபோது அவருக்கு 13 வயதுதான். பிற்காலத்தில் அவர் எழுதிவைத்த விவரத்தில், தீவும் சுற்றியுள்ள கடலும் ஆமைகளால் நிறைந்து, தூரத்திலிருந்து பார்க்கச் சின்னப் பாறைகள் மாதிரி தெரிந்ததாகச் சொல்கிறார். அதனால் வைத்த பெயர் லாஸ் டோர்ட்டுகாஸ், ஆமைகள். இன்றைக்கு நாம் கேமன் தீவுகள் என்று சொல்கிற இடம் அதுதான்.

மிகைப்படுத்திச் சொல்லியிருப்பாரோ என்று தோன்றலாம். ஆனால் 1774-இல் ஜமைக்காவின் வரலாற்றை எழுதிய எட்வர்ட் லாங்கும் இதே கடலைப் பற்றிச் சொல்கிறார். பனிமூட்டத்தில் திசை தெரியாமல் போன கப்பல்கள், கேமன் பக்கம் நீந்திப் போகும் ஆமைகளின் சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடித்தன என்று அங்கே சொல்லிக்கொண்டார்களாம். கண்ணால் பார்த்து இல்லைங்க, காதால் கேட்டு!

உயிருள்ள சாப்பாட்டுப் பெட்டி

அந்தக் காலக் கப்பல்களின் பெரிய தலைவலி சாப்பாடு. உப்புக்கண்டம், பூச்சி பிடித்த பிஸ்கட், இவற்றை வைத்து மாதக்கணக்கில் ஓட்டணும். ஃபிரிட்ஜ் கிடையாது. இந்த நேரத்தில்தான் மாலுமிகள் பேராமையைக் கண்டுகொண்டார்கள்.

ஆமைக்கு வளர்சிதை வேகம் குறைவு. வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். கரையில் முட்டையிட ஏறும் பெண் ஆமையால் ஓட முடியாது, கடிக்க வராது. இரண்டு பேர் சேர்ந்து மல்லாக்கப் புரட்டிவிட்டால் அதோடு முடிந்தது, பேராமையால் திரும்பிக் கவிழ முடியாது. அப்படியே தூக்கிக் கப்பலில் அடுக்கி, அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் போதும், பல வாரங்கள் உயிரோடு இருக்கும். தேவைப்படும்போது புத்தம்புது இறைச்சி.

1655-இல் ஆங்கிலேயர்கள் ஜமைக்காவைப் பிடித்தார்கள். புதுக் காலனிக்குச் சாப்பாடு வேண்டும். பக்கத்திலேயே கேமன் தீவுகள். 1680களில் ஜமைக்காவில் இருந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், போர்ட் ராயல் துறைமுகத்தில் 40 பாய்மரப் படகுகள் ஆமை பிடிக்கும் வேலையிலேயே இருந்ததாக எழுதியிருக்கிறார். ஏழைகளுக்கும் படகில் வேலை பார்த்தவர்களுக்கும் அதுதான் அன்றாட இறைச்சி. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வதைத்து வளர்ந்த அந்தப் பொருளாதாரத்துக்கு, ஆமை ஒரு மலிவான எரிபொருள் மாதிரி.

பிறகு அந்த ஆமை லண்டன் போனது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பணக்காரர்களின் விருந்துச் சாப்பாடாக மாறியது. லண்டன் மேயர் கொடுக்கும் விருந்தில் ஆமை சூப் இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல். அதிலும் அந்தப் பச்சைக் கொழுப்புதான் ஸ்பெஷல். வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? கன்றுக்குட்டித் தலையைக் கொதிக்கவைத்து 'போலி ஆமை சூப்' செய்தார்கள். 'ஆலிஸின் அற்புத உலகம்' படித்தவர்களுக்கு அதில் வரும் 'மாக் டர்ட்டில்' ஞாபகம் இருக்கலாம். 1865-இல் வந்த அந்தப் புத்தகத்தின் படத்தில் அதற்கு ஆமை உடம்பு, கன்றுக்குட்டித் தலை. சூப்பை வைத்து அடித்த ஜோக் அது.

ஆனால் அந்த ஜோக் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, 1800 வாக்கில், கேமன் தீவுகளில் ஆமை கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருந்தது. தீவுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கியூபாவின் தென்கரைக்குப் போனார்கள். அங்கேயும் குறைந்ததும் நிகராகுவாவின் மிஸ்கிட்டோ திட்டுகள் வரை பாய் விரித்துப் போனார்கள்.

ஏன் வேறு ஆமைகள் வரவில்லை?

நான் இதைப் படிக்க ஆரம்பித்தபோது எனக்குப் புரியாத இடம் இதுதான். கேமனில் பிடிப்பது குறைந்துவிட்டது. கரீபியனில் வேறு இடங்களில் ஆமை இருந்தது. மணல் அப்படியேதான் இருந்தது. அப்படீன்னா, அந்தக் காலி மணலுக்குப் பக்கத்து ஆமைகள் ஏன் வரவில்லை?

பதில் ஆமையின் உடம்புக்குள் இருக்கிறது. பெண் ஆமை ஒரு சீசனில் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று சில முறை கரையேறும். ஒவ்வொரு தடவையும் நூறு முட்டை அளவுக்கு இடும். அப்புறம் இரண்டு முதல் நான்கு வருஷம் முட்டையிடுவதே இல்லை. தூரத்து மேய்ச்சல் இடத்துக்குப் போய்விடும். மறுபடி முட்டையிடும் நேரம் வந்தால், வழியில் எத்தனை நல்ல கடற்கரை இருந்தாலும் விட்டுவிட்டு, தான் பிறந்த பகுதிக்கே திரும்பும்.

இதை முதலில் கவனித்தவர்கள் கேமன் தீவின் ஆமை பிடிப்பவர்கள். பிடித்த ஆமையின் அடிவயிற்று ஓட்டில் தங்கள் எழுத்தைப் பொறிப்பார்கள். அடைப்பிலிருந்து தப்பிய ஆமைகள், முதலில் பிடித்த அதே திட்டில் அதே எழுத்தோடு மறுபடி சிக்கின என்று சொல்வார்கள். அவர்கள் பார்த்தது மேயும் இடத்துக்குத் திரும்புவதை. அப்படியென்றால் பிறந்த இடத்தையும் கண்டுபிடிக்குமா? இந்தக் கதைகளைக் காது கொடுத்துக் கேட்டவர் ஆர்ச்சி கார். ஃபுளோரிடா பல்கலைக்கழக விலங்கியலாளர்.

1955-இல் அவர் கோஸ்டா ரிக்காவின் டோர்ட்டுகேரோ கடற்கரையில் ஆமைகளுக்கு அடையாளத் தகடு மாட்ட ஆரம்பித்தார். முதலில் ஓட்டின் பின்விளிம்பில் கம்பியால் கட்டினார். இணை சேரும்போது ஆண் ஆமை உரசி அதைப் பிய்த்துவிட்டது. பிறகு மாட்டுக் காதில் மாட்டும் தகட்டை எடுத்து முன்துடுப்பில் மாட்டினார். அது நின்றது. தகட்டில் முகவரியும், திருப்பி அனுப்பினால் பரிசு என்ற வரியும். வருஷக்கணக்கில் தகடுகள் வந்தன, நிறைய நிகராகுவா மீனவர்களிடமிருந்து. டோர்ட்டுகேரோவில் முட்டையிட்ட ஆமை மிஸ்கிட்டோ திட்டுகளில் மேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் வேறு எந்த முட்டையிடும் கடற்கரையிலிருந்தும் ஒரு தகடு வரவில்லை. அடுத்தடுத்த சீசன்களில் அவை டோர்ட்டுகேரோவுக்கே திரும்பின.

முட்டையிட்ட இடத்துக்குத்தான் திரும்புகிறதா, பிறந்த இடத்துக்கேவா? 1990 வாக்கில் மரபணு ஆய்வுகள் பதில் சொல்ல ஆரம்பித்தன. தாய்வழி டி.என்.ஏ. கடற்கரைக்குக் கடற்கரை வேறுபட்டது. மகள்கள் தாயின் கரைக்கே வந்தால்தான் அப்படி இருக்க முடியும். ஒவ்வொரு கரையின் பூமிக் காந்தப்புல அடையாளத்தைக் குஞ்சிலேயே பதித்துக்கொள்கிறது என்பதுதான் இன்று பலமாக இருக்கும் விளக்கம்.

அதான் விஷயம். கேமனில் புரட்டிப்போட்ட ஒவ்வொரு பெண் ஆமையோடும் அந்தக் கரைக்குத் திரும்பும் வழியும் போனது. பக்கத்து ஆமைகளுக்கு அந்த வழி தெரியாது.

முப்பது வருஷத் தாமதம்

இன்னொன்றும் இருக்கிறது. பேராமை முட்டையிடும் வயதுக்கு வர 25 முதல் 35 வருஷம், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். யோசிச்சுப் பாருங்க. இன்றைக்கு ஒரு கரையில் எல்லா முட்டையையும் எடுத்துவிட்டாலும், முன்பு பிறந்தவை முப்பது வருஷம் வந்துகொண்டேதான் இருக்கும். 'பாருங்க, ஆமை குறையவே இல்லையே' என்று சொல்லலாம். ஒருநாள் சட்டென்று நிற்கும். அப்போது தவறு செய்தவர்கள் பாதிப் பேர் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

சரிசெய்யும்போதும் இதே தாமதம்தான். 1950களில் டோர்ட்டுகேரோவில் கார் பார்த்தது கொடுமையான காட்சி. கடற்கரையை ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஏறும் ஆமையைப் புரட்டினார்கள். சூப்புக்கான குருத்தெலும்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. 1956-இல் அவர் எழுதிய 'தி விண்ட்வர்ட் ரோடு' பலரை உலுக்கியது. 1959-இல் ஆமைகளுக்காகவே ஓர் அமைப்பு உருவானது. 1975-இல் அந்தக் கடற்கரை தேசியப் பூங்காவானது.

எல்லாமே ஜெயிக்கவில்லை. 1960களில் அமெரிக்கக் கடற்படை விமானங்களில் டோர்ட்டுகேரோ முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏற்றி, கரீபியனின் காலிக் கரைகளுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் ஒரு புது முட்டையிடும் கூட்டம் உருவானதாக உறுதியாகவில்லை. ஜெயித்தது சலிப்பான வேலை. ஒவ்வொரு ராத்திரியும் அதே கரையில் நடப்பது, எண்ணுவது, கூடுகளைக் காப்பது. கார் 1987-இல் இறந்தார். அவர் முதல் சீசன்களில் காப்பாற்றிய குஞ்சுகள் அப்போதுதான் முட்டையிட வரத் தொடங்கியிருக்கும். 1971-க்கும் 2003-க்கும் இடையில் டோர்ட்டுகேரோ கூடுகள் பல மடங்கு பெருகின. அண்மை ஆண்டுகளில் மறுபடி சரிவு தெரிகிறது என்பதையும் சொல்லிவிடணும்.

கேமனுக்கும் ஒரு பின்கதை உண்டு. 1968-இல் அங்கே ஓர் ஆமைப் பண்ணை தொடங்கினார்கள், இறைச்சிக்காக. முட்டைகள் கோஸ்டா ரிக்கா, சுரினாம் மாதிரி வெளி இடங்களிலிருந்து வந்தன. பண்ணைக் குஞ்சுகளைக் கடலிலும் விட்டார்கள். 2019-இல் வந்த மரபணு ஆய்வு, இன்று கேமனில் முட்டையிடும் பேராமைகளில் பெரும்பாலானவை பண்ணை ஆமைகளின் சொந்தக்காரர்கள் என்று காட்டியது. எனக்கு இது சந்தோஷமாகவும் இருக்கிறது, நெருடலாகவும் இருக்கிறது. கரையில் ஆமை இருக்கிறது. ஆனால் ஃபெர்டினாண்ட் பார்த்த ஆமைகளின் வாரிசுகளா என்றால், பெரும்பாலும் இல்லை.

திரும்ப அந்தக் கேள்விக்கு

1970-க்கு முன்னாடி எத்தனை? பழைய வேட்டைக் கணக்குகளிலிருந்து அறிவியலாளர்கள் போட்ட மதிப்பீடுகள், கொலம்பஸ் காலத்துக் கரீபியனில் மட்டுமே பேராமைகள் கோடிக்கணக்கில் இருந்திருக்கும் என்கின்றன. துல்லியமான எண் கிடைக்காது, ஆனால் அளவு புரிகிறது. 1970களில் எண்ண ஆரம்பித்தபோது, முந்நூறு வருஷ சூப்புக்குப் பிறகு மிஞ்சியதைத்தான் எண்ணினார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்ததையே இயல்பு என்று நினைத்துக்கொள்வதை, 1995-இல் மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 'நகரும் அடிக்கோடு' என்ற பொருளில் பெயரிட்டுச் சொன்னார். ஐ.யூ.சி.என்.-னும் இதை மறைக்கவில்லை. முன்பு இருந்ததைவிட இன்னும் வெகுவாகக் குறைவுதான் என்று அறிவிப்போடு சேர்த்தே சொன்னது.

அதனால் அந்த 28 சதவீதம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது நிஜம். முகம் தெரியாத பலர் ராத்திரி ராத்திரியாக நடந்து சம்பாதித்தது. ஆனால் அது முப்பது வருஷத்துக்கு முந்தைய வேலையின் பலன். இன்றைக்கு நடப்பது இன்னும் கணக்கில் வரவில்லை. ஆமை முட்டையில் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டுப் பகுதியில் பிறக்கும் இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. அவை வளர்ந்து கரைக்கு வரும்போது எனக்கு அறுபது வயது தாண்டியிருக்கும்.

ஃப்ரெண்டுக்கு இதையெல்லாம் ஒரு நீளமான வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். அவள் பதில் ஒரே வரி: "அப்போ இப்ப பண்றதை யார் எண்ணுவாங்க?"

இப்போது இருபது வயதில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள்தான். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.