ஏரி வாரியமும் முதுநிலைப் பட்டமும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் வில்லியனூரைக் கடந்து மேற்கே போனால் திருபுவனை என்னும் ஊர் வரும். அதனை அடுத்திருப்பது மதகடிப்பட்டு. மதகடிப்பட்டில் முதலாம் இராசராசன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் இன்றும் நிற்கின்றது. அவ்வூரில் இப்பொழுது பொறியியற் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் மாணவனிடம் இன்று என்னென்ன எதிர்பார்க்கிறார்கள், அந்த எதிர்பார்ப்புகள் எப்படி உருவாயின என்பதைப் பேச எடுத்துக்கொண்ட நான், ஆயிரம் ஆண்டுக் காலத்துக்கு முன்னே சென்று தொடங்குவதற்குக் காரணம் திருபுவனைதான்.

திருபுவனைப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசாதிராசனின் முப்பதாம் ஆட்சியாண்டில், அதாவது 1048-இல், பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே நடைபெற்ற கல்லூரியில் 260 மாணவர்கள் பயின்றார்கள். ஆசிரியர் 12 பேர். வேதங்களோடு வியாகரணம், வேதாந்தம், மனு சாத்திரம், வைகானச சாத்திரம் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. இதன் செலவுக்காக 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மற்றுமொரு சலுகை தரப்பட்டது. அவர்கள் ஊர் வாரியங்களில் பணிபுரிய வேண்டியதில்லை. கற்பவனுக்குச் சோறு மட்டும் போதாது, ஓய்வான நேரமும் வேண்டும் என்பதைச் சோழர் காலத்துச் சபையார் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

இளநிலை, முதுநிலை என்ற வேறுபாடுங்கூட அக்காலத்திலேயே இருந்தது. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரியில் இளைய மாணவர் 270 பேர், மூத்த மாணவர் 70 பேர். இளையவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்தவனுக்கு ஒரு குறுணியும் இரண்டு நாழியும், அதாவது பத்து நாழி. மேற்படிப்புக்கு உயர்ந்த உபகாரச் சம்பளம் என்ற கொள்கை நமக்கு மேனாட்டார் கற்பித்ததன்று.

ஆனால் இந்தப் பெருமையை முழுவதும் கொண்டாட என் மனம் இடந்தரவில்லை. அக்கல்லூரிகள் வேதம் ஓதும் ஒரு வகுப்பார்க்கே உரியவை. அதைவிட நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி வேறொன்று. ஊர் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியின் கரையைக் காப்பதும், வண்டலை அகற்றுவிப்பதும் அதன் கடமை. மதகு எங்கே அமையவேண்டும், கரை எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பவற்றை அறிந்த கொத்தனும் ஒட்டனும் தம் கலையைத் தந்தையிடம் கற்றார்கள்; எந்தக் கல்லூரியிலும் அவர்களுக்கு இடமில்லை. கல்லூரியில் இடம் பெற்றவர்களோ ஏரி வாரியத்தினின்று விலக்குப் பெற்றவர்கள்! பெயரிலேயே மதகைத் தாங்கிய ஊருக்கு மிக அருகில் இப்படியொரு பிரிவினை நிலவியது.

அந்தப் பிரிவினை நீங்க நெடுங்காலம் ஆயிற்று. 1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று எட்டு மாணவர்களோடு தொடங்கியது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரி ஆயிற்று. ஆயினும் அக்காலத்து ஆட்சியாளருக்கு வேண்டியவர்கள் சாலையும் வாய்க்காலும் மேற்பார்க்கும் அலுவலர்கள். அதற்கு இளநிலைப் படிப்பே போதுமென்று கருதினார்கள். ஆராய்ச்சிக்கென்று பிறந்த முதற்பெரு நிலையம் பெங்களூர் இந்திய அறிவியற் கழகம். 1909-இல் நிறுவப்பெற்ற அதில் 1911-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். பட்டம் வழங்கும் உரிமை அதற்கு நெடுங்காலம் இல்லை. பல்கலைக் கழகத்துக்கு நிகரான தகுதி 1958-இல்தான் கிட்டியது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நிலை மாறிற்று. 1945-இல் அமைந்த சர்க்கார் குழுவின் யோசனையை ஒட்டிக் கரக்பூரில் 1951-இலும், ஜெர்மானிய உதவியோடு சென்னையில் 1959-இலும் தொழில்நுட்பக் கழகங்கள் தோன்றின. முதுநிலைப் படிப்பு எவ்வாறு இருக்கவேண்டும் என்று ஆராய எம். எஸ். தாக்கர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்காலத்தில் இரண்டாண்டுப் படிப்பு என்ற அளவு நிலைபெற்றது. பின்னர், 1980-ஐ ஒட்டி, நாயுடம்மா தலைமையில் அமைந்த குழு அதனை மூன்று பருவங்களாக, அதாவது ஒன்றரை ஆண்டாகச் சுருக்கும்படி கூறிற்று. நாயுடம்மா சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராயிருந்து உலகப் புகழ் பெற்றவர். 1985-இல் கனிஷ்கா விமானம் வெடித்தபோது உயிர் நீத்தவர்களுள் ஒருவர். அவரிடம் எனக்குள்ள மதிப்பு பெரிது. எனினும் இந்த ஒரு யோசனை சரியென்று என்னால் ஒப்ப இயலவில்லை. வகுப்புப் பாடங்களைக் குறைப்பது எளிதன்று. குறையும் ஆறு திங்களும் ஆய்வேட்டின் பங்கிலிருந்தே போகும். சோதனைக் கருவி பழுதானால் அதைச் சீர் செய்வதற்கே ஒரு பருவம் கழிந்துவிடும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நின்றவர் அறிவர். பின்னாளில் படிப்பு மீண்டும் நான்கு பருவங்களாயிற்று.

நாடெங்கும் ஒரே அளவுகோலாக 'கேட்' என்னும் நுழைவுத் தேர்வு 1980-களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. அதில் தகுதி பெற்றுச் சேர்ந்தோர்க்கு உபகாரச் சம்பளமும் கிடைக்கிறது. எண்ணாயிரத்துப் பத்து நாழி நெல்லின் வழித்தோன்றல் என்று அதனைச் சொல்லலாம்.

இன்றைய தேவைகள் யாவை? பொறியியலில் இளநிலைப் பட்டம் முதலில் வேண்டும். 2018-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் பட்டத்துக்கு 68 மதிப்பலகுகள் குறிக்கப்பட்டுள்ளன. முதலிரு பருவங்களில் பாடங்களும் ஆய்வுக்கூடப் பயிற்சியும். ஆராய்ச்சி முறை பற்றியும் ஒரு பாடம் உண்டு. பிற்பகுதியின் பெரும்பங்கு ஆய்வேட்டுக்கு உரியது. மாணவன் ஒரு சிக்கலைத் தானே தேர்ந்து, முன்னோர் செய்ததைத் தேடிப் படித்து, சோதித்து, எழுதி, புறத்தேர்வாளர் முன் நின்று விடையளிக்க வேண்டும். தேர்வில் மனப்பாடம் செய்து தப்பியவன்கூட இங்கே தப்புவது கடினம். அதனாலேயே சிலர் ஆய்வேட்டை விலைக்கு எழுதி வாங்கும் இழிவும் ஆங்காங்கே நடக்கிறது. அவ்வாறு வாங்கியவன் தன் ஏட்டில் உள்ள ஒரு வரைபடத்துக்குப் பொருள் கேட்டால் விழிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

புதுச்சேரி மாணவர்க்கு வீட்டினருகே இவ்வாய்ப்பு வந்தது மிகவும் அண்மையில்தான். பிள்ளைச்சாவடியில் அரசுப் பொறியியற் கல்லூரி 1984-இலும், புதுவைப் பல்கலைக் கழகம் 1985-இலும் ஏற்பட்டன. அக்கல்லூரியே 2020-இல் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமாயிற்று. மதகடிப்பட்டுக் கல்லூரி தோன்றிய அதே 1999-இல், புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் ஒன்று ஐரோப்பிய உதவியோடு தொடங்கியது. ஏரிதோறும் பயனாளர் சங்கம் அமைக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பழைய ஏரி வாரியம் வேறு பெயரில் திரும்பி வந்தது எனலாம். பாகூர் ஏரியின் கொள்ளளவையோ ஊசுட்டேரியின் வண்டலையோ தன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவன், கரையில் நின்று அச்சங்கத்து உழவரிடம் முதலில் கேட்டறிய வேண்டும். திருபுவனை மாணவனுக்குக் கிடைத்த விலக்கு இவனுக்குக் கிடையாது.