பைக் ஓடுது, படத்தில் ஏன் நிற்கிறது? பந்தயப் படம் எடுக்கப் பழகுவது எப்படி

சிப்பாங் ஓடுதளத்தில் நீங்கள் எடுத்த படம் துல்லியமாக வந்திருக்கிறது. வீரரின் தலைக்கவசத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக்கூட படிக்க முடிகிறது. ஆனால் பைக்கைப் பார்த்தால் யாரோ பார்க் பண்ணிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. ஏன்?

காரணம் ஷட்டர் வேகம்.

நேர்ப்பாதையில் மோட்டோ ஜிபி பைக் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதாவது ஒரு விநாடிக்குச் சுமார் 83 மீட்டர். ஷட்டரை 1/2000 விநாடியில் வைத்தால், அந்த நேரத்தில் பைக் 4 சென்டிமீட்டர்தான் நகரும். எல்லாமே உறைந்துவிடும், சுற்றும் சக்கரமும் சேர்த்து. 1/125 விநாடியில் வைத்தால் 67 சென்டிமீட்டர் நகரும். கேமராவை அசைக்காமல் பிடித்தால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் வண்ணக் கோடு.

சரி, கேமராவையும் பைக்கோடு சேர்த்துத் திருப்பினால்? பைக் தெளிவாக இருக்கும், பின்னணி கோடு கோடாக இழுபடும். வேகம் கண்ணுக்குத் தெரியும். இதற்குப் பெயர் பேனிங்.

எப்படிச் செய்வது?

பைக் உங்களுக்கு நேரே வரும் இடத்தைப் பார்த்துக் கால்களை ஊன்றுங்கள். முழங்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். இடுப்பிலிருந்து திரும்புங்கள், கையை மட்டும் ஆட்டக்கூடாது. பைக் தூரத்தில் வரும்போதே தலைக்கவசத்தைக் குறிவைத்துத் தொடருங்கள். ஃபோகஸ் தொடர்ச்சியாக மாறும் முறையில் இருக்கட்டும். படம் எடுத்த பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். ரொம்பப் பேர் சொதப்புவது இங்கேதான்.

முதலில் 1/250, கை பழகியதும் 1/125. பத்துப் படத்தில் ஒன்று நன்றாக வந்தாலே சந்தோஷப்படலாம். கைப்பேசியிலும் முடியும், ஷட்டர் வேகத்தை நீங்களே மாற்ற வழி இருந்தால்.

நேருக்கு நேர் வரும் பைக்குக்குப் பேனிங் சரிவராது. அதற்கு 1/1000 அல்லது இன்னும் வேகமாக.

எங்கே உட்காரலாம்?

சிப்பாங்கின் நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். நேர்ப்பாதையில் பைக் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பழகுவதற்கு ஏற்றது கடைசி வளைவு. இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளுக்கு நடுவே பைக்குகள் வேகத்தை வெகுவாகக் குறைத்து, சாய்ந்து திரும்பும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இடிபடுவதைவிட வெள்ளிக்கிழமைப் பயிற்சிச் சுற்றுகளுக்குப் போவது மேல். ஒரே பைக் திரும்பத் திரும்ப வரும், கைக்கும் பழக்கம் கிடைக்கும். பெரிய லென்ஸ் கொண்டுபோகலாமா என்பதை நுழைவுச்சீட்டு விதிமுறையில் முன்கூட்டியே பாருங்கள். கம்பி வேலி குறுக்கே இருந்தால் பெரிய அப்பர்ச்சர் வையுங்கள். வேலிக்கு நெருக்கமாக இருந்தால் கம்பி மங்கி மறைந்துவிடும்.

ஒருவர் விழுந்தால்?

2011 அக்டோபர் 23ஆம் தேதி, இதே சிப்பாங்கின் 11ஆவது வளைவில் இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லி விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். பந்தயம் ரத்தானது. விழுவதைப் படம் எடுப்பது தவறில்லை, அதுவும் பந்தயத்தில் நடப்பதுதான். ஆனால் அவர் எழுந்து நடப்பதைப் பார்க்கும்வரை அதைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு உங்கள் பதிவுதான் முதல் தகவலாகப் போய்ச் சேரலாம்.

மதிய மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை போதும். ஈரத் தரையில் சக்கரம் கிளப்பும் நீர்த்திவலை அருமையான படம் தரும், உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படரும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.