மூலையில் என்ன வைப்பது? – கொடைக்கானல் குசினியில் இருந்து மாடுலர் கிச்சன் வரை

சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டும் வீடுகளில் மற்ற முடிவுகள் எல்லாம் எப்படியோ எடுக்கப்பட்டுவிடும். டைல்ஸ் என்ன நிறம், மேடைக்கு கிரானைட்டா கடப்பாவா, சிங்க் எந்தப் பக்கம்... எல்லாம் முடிந்த பிறகு ஆசாரியும் வீட்டுக்காரரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. மூலை! இரண்டு மேடைகள் எல் வடிவில் சந்திக்கும் இடத்தில், கீழே இருக்கும் அந்த இரண்டடிக்கு இரண்டடி இருட்டு. அதற்குள் போன பாத்திரம் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் வெளியே வரும்.

இந்த மூலைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது சமையலின் சரித்திரம் இல்லை. சமையலறையில் நடப்பவருடைய கால்வலிக்கு யார் கணக்கு வைத்தார்கள் என்பதன் சரித்திரம். கொடைக்கானலில் இருந்து ஆரம்பித்தால் சுலபமாகப் புரியும்.

தள்ளி வைக்கப்பட்ட குசினி

1821ல் லெப்டினன்ட் வார்டு என்பவர் பழனி மலையை சர்வே செய்தார். பூம்பாறை போன்ற மலைக் கிராமங்களும் பளியர் குடிகளும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே உண்டு. 1834ல் மதுரையில் வேலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் வெயிலுக்கும் தப்பிக்க மலையேறினார்கள். 1845ல் சன்னிசைட், ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படகு விடும் ஏரி அப்போது கிடையாது. அது 1863ல் வெர் லெவிஞ்ச் முயற்சியில் உருவானது.

அந்தக் காலத்தில் மலைமேல் போவது சாமானிய காரியம் இல்லை. மோட்டார் போகும் சாலை 1910களில்தான் முழுமையடைந்தது. அதற்கு முன் அடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இறங்கி, அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ போகவேண்டும். சட்டி, பானை, இரும்பு அடுப்பு எல்லாம் கூலியாட்களின் தலைச்சுமையாகவே மேலே போயின.

அந்தக் கால பங்களாக்களில் சமையலறை வீட்டோடு சேர்ந்து இருக்காது. பின்பக்கம் தள்ளி, தனிக் கட்டிடமாக இருக்கும். அதற்குப் பெயர் குசினி. போர்ச்சுகீசிய மொழியின் 'கொசீன்யா' தமிழில் குசினி ஆனது. தீப்பிடிக்கும் பயம், புகை, வாசனை என்று தள்ளி வைக்கக் காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் சமவெளியின் வெயிலுக்கு உண்டான அந்தப் பழக்கம், குளிருக்காகவே தேடிப் போன மலைவாசஸ்தலங்களுக்கும் அப்படியே போனது. பனியிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் சூப்பும் ரொட்டியும் முற்றத்தைத் தாண்டித்தான் சாப்பாட்டு மேஜைக்கு வரவேண்டும். வரும்போதே பாதி ஆறிவிடும்.

இவ்வளவு அசௌகரியத்தை ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? விடை எளிது. நடந்தது வீட்டுக்காரர் இல்லை. குசினிக்காரருக்கு மாதச் சம்பளம். அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை நடந்தாலும் இருநூறு தடவை நடந்தாலும் அதே சம்பளம். காமர்ஸ் பாஷையில் சொன்னால், கூடுதலாக ஒரு நடைக்கு ஆகும் செலவு பூஜ்ஜியம். செலவே இல்லாத ஒன்றை யார் மிச்சப்படுத்துவார்கள்?

பாஸ்டனில் நடந்தது வேறு

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுரைக்கு மிஷனரிகளை அனுப்பிய சங்கத்தின் தலைமையகம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். அதே பாஸ்டனில் 1841ல், அதாவது சன்னிசைட் கட்டப்படுவதற்கு நாலு வருடம் முன்பு, காத்தரின் பீச்சர் என்ற பெண்மணி வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலையை ஒரு படிப்பாக எடுத்துக்கொண்டு எழுதிய புத்தகம் அது. 1869ல் தன் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து இன்னொரு புத்தகம் எழுதினார். (ஆமாம், 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய அதே ஹேரியட்தான்!) நீராவிக் கப்பலின் சமையலறையைப் பாருங்கள், இத்தனூண்டு இடத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதில் வாதாடினார். மாவுப் பெட்டி, பிசையும் பலகை, தொட்டி எல்லாம் வரிசையாக, ஜன்னலுக்குக் கீழே வெளிச்சத்தில் இருக்கும்படி படம் போட்டுக் காட்டினார்.

ஒரே காலம், கிட்டத்தட்ட ஒரே சமூகத்து மனிதர்கள். ஆனால் அங்கே நடுத்தரக் குடும்பங்களுக்கு வேலையாள் கிடைப்பது கஷ்டம். வீட்டுக்காரியே அடுப்படியில் நின்றாள். அதனால் சமையலறை சுருங்கி வீட்டுக்குள் வந்தது. இங்கே ஆள் மலிவாகக் கிடைத்தார். அதனால் குசினி தள்ளியே இருந்தது. அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், கூலிதான் வேறு!

பரீட்சைக்குப் படித்த கில்பிரத்

பி.காம் மாணவர்களுக்கு டெய்லர், கில்பிரத் என்பதெல்லாம் பரீட்சைக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்யும் பெயர்கள். செங்கல் அடுக்கும் கொத்தனாரைக் கவனித்து, ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் என்று இருந்ததை 5 ஆகக் குறைத்தவர் ஃபிராங்க் கில்பிரத். பாடப்புத்தகம் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடும். மீதிக் கதைதான் சுவாரஸ்யம்.

1924ல் ஃபிராங்க் இறந்துபோனார். மனைவி லில்லியனிடம் பதினொரு குழந்தைகள். கணவருக்கு இணையாக வேலை செய்தவர், டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனாலும் ஒரு பெண்ணிடம் தொழிற்சாலை ஆலோசனை கேட்க பல கம்பெனிகள் தயங்கின. சரி, பெண்ணுக்கு என்று ஒதுக்கிய இடத்துக்கே போகிறேன் என்பதுபோல அவர் சமையலறைக்குள் நுழைந்தார். 1929ல் ப்ரூக்ளின் நகர எரிவாயு கம்பெனிக்காக ஒரு மாதிரி சமையலறை அமைத்தார். அவருடைய முறையில் நடந்த ஒரு சோதனையில் ஸ்ட்ராபெர்ரி கேக் ஒன்று செய்ய பழைய அமைப்பில் 281 காலடிகள் ஆயின, புதிய அமைப்பில் 45 காலடிகள்தான்! கொத்தனாருக்குச் செய்த கணக்கு அப்படியே அடுப்படிக்கு வந்துவிட்டது.

அதே சமயம் ஜெர்மனியில் மார்கரெத் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டிடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926ல் 'ஃபிராங்க்பர்ட் சமையலறை'யை வடிவமைத்தார். ரயில் உணவுப் பெட்டியின் அடுப்படிதான் மாதிரி. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். சுமார் 10,000 வீடுகளில் அமைத்தார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு பாட்டி என்று இதைத்தான் சொல்லவேண்டும். ஒருவர் மட்டுமே நிற்கும்படி செய்து பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று பிற்பாடு இதைத் திட்டியவர்களும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது.

லில்லியன், மார்கரெத் இருவருமே சமையலில் பெரிய பழக்கம் உள்ளவர்கள் இல்லை. ஆனால் சமைப்பவர் எங்கே நடக்கிறார், எங்கே குனிகிறார் என்று பார்த்து அளந்தார்கள். பங்களா கட்டியவர்கள் செய்யாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அக்னி மூலை

இனி நம் வீடு. தமிழ் வீட்டில் மூலை ஒருபோதும் வீணான இடமாக இருந்ததில்லை. தென்கிழக்குக்குப் பெயரே அக்னி மூலை. அடுப்படி அங்கே, சமைப்பவர் கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்பது வழக்கம். மற்ற மூலைகளில் தண்ணீர்ப் பானை, அம்மி, ஆட்டுக்கல். சுவரில் மாடக்குழி, மேலே பரண், உறி. தரையில் உட்கார்ந்து சமைத்ததால் மூலைக்குக் கை எட்டாத பிரச்சினையே எழவில்லை.

கில்பிரத் தம்பதி பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் ஒரே மூடிக்குள், கையை வீசாமல் எடுக்கலாம். கொடியடுப்பு இன்னொன்று. ஒரு விறகில் எரியும் தீ, பக்கத்துக் குழிக்கும் போய் குழம்பைச் சூடாக வைத்திருக்கும். பழனி மலைக் கிராமங்களில் புகையைக்கூட வீணாக்கவில்லை. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை புகை படும்படி தொங்கவிட்டு வைத்தால் நெடுநாள் கெடாது.

இதெல்லாம் வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும் இல்லையா? அதே புகை பூண்டைக் காப்பாற்றியது, சமைத்தவளின் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது. குளிருக்காக ஜன்னலைச் சின்னதாக வைக்கும் மலை வீட்டில் புகை வெளியே போக இன்னும் சிரமம். வீட்டுப் புகையால் 2020ல் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதோடு குனிந்து, உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் தூக்கி... இந்த வேலைக்கு சம்பளமும் கிடையாது. பங்களா குசினியிலாவது ஒரு சம்பளக் கணக்கு இருந்தது. வீட்டு அடுப்படியில் அதுவும் இல்லை.

இதைக் கவனித்தவர்களில் ஒருவர் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் எஸ்.பி.ராஜு. புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பரப்ப 1953ல் ஒரு புத்தகமே எழுதினார். அது சென்னையில்தான் அச்சானது. 1983ல் மத்திய அரசு தேசிய அளவில் புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்து 2002 வரை நடத்தியது.

மேடை வந்தது, மூலை பிறந்தது

நிலைமையை நிஜமாகவே மாற்றியது கேஸ். 1955ல் பம்பாயில் பர்மா ஷெல் சிலிண்டர் விற்பனையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2007ல் இலவச கேஸ் அடுப்புத் திட்டம், 2016ல் மத்திய அரசின் உஜ்வாலா என்று அது ஏழை வீடுகளுக்கும் போனது. கேஸ் அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில் இருக்கவேண்டும். அதற்கு மேடை வேண்டும். மேடை வந்ததும் அடுப்படி தரையில் இருந்து எழுந்து நின்றது. மேடை ஒரு சுவரோடு நிற்காமல் அடுத்த சுவருக்கும் திரும்பியபோது பிறந்ததுதான் இந்த இருட்டு மூலை.

மேடையின் அகலம் சாதாரணமாக இரண்டடி. ஆகவே மூலையில் சிக்குவது 4 சதுர அடி. எட்டுக்குப் பத்து சமையலறையில் இது 5 சதவீதம். இதற்கு நாலு வழிகள் உண்டு.

1. சுழலும் தட்டு. மூலையில் கம்பம் நட்டு வட்டத் தட்டுகள். எல்லாம் முன்னால் வரும். ஆனால் சதுரத்துக்குள் எவ்வளவு பெரிய வட்டம் போட்டாலும் 100க்கு 78 பங்குதான் கிடைக்கும்.

2. சாய்வான கதவு. இரண்டு சுவரிலும் மூன்று மூன்று அடி எடுத்துக்கொண்டு, குறுக்கே கதவு. கை நன்றாக எட்டும், இடம் அதிகம் பிடிக்கும்.

3. வெளியே இழுக்கும் தட்டுகள். கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து வரும். நான்கில் செலவு அதிகம் வைப்பது இதுதான்.

4. அப்படியே மூடிவிடுவது. காமர்ஸ்காரர்கள் வாராக்கடனை எழுதித் தள்ளுவது போல. இருபுறமும் நல்ல இழுப்பறைகள் வைத்தால் இது பல வீடுகளில் புத்திசாலித்தனமான முடிவு. இழுப்பறைகளின் கைப்பிடிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க மூலையில் இரண்டு மூன்று அங்குலம் பட்டை விடவேண்டும், அதை மறந்தால் அவஸ்தைதான்.

எந்த வழியானாலும் கதவு போட்ட காற்றில்லாத மூலைக்குள் சிலிண்டரை அடைக்கக்கூடாது. கேஸ் காற்றைவிட கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். தரை மட்டத்தில் காற்று போக வழி வேண்டும்.

கொடைக்கானலில் இன்னும் இரண்டு விஷயம் சேரும். இரண்டு வெளிச்சுவர்கள் சந்திக்கும் மூலைதான் அறையிலேயே அதிகக் குளிர்ந்த இடம். அங்கே காற்றில்லாமல் அலமாரி போட்டால் ஈரம் வேர்த்து, பூஞ்சை பிடித்து, பிளைவுட் உப்பிவிடும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடுவது அவசியம். அடுத்தது, சுமார் 7000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக குக்கர் இல்லாமல் முடியாது. அந்தக் கனமான குக்கர் மூலைக்குள் போகக்கூடாது, அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறைதான் அதன் இடம்.

ஆக, திட்டம் போடும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி மூலையில் என்ன வைப்பது என்பது அல்ல. அங்கே தினமும் குனியப்போவது யார், அவரிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான். இன்றும் பல வீடுகளில் இஞ்சினியரிடம் பேசுவது அப்பா, சமைப்பது அம்மா அல்லது வேலைக்கு வரும் அக்கா. குசினி வீட்டுக்குள் வந்துவிட்டது. கணக்கு இன்னும் முழுதாக உள்ளே வரவில்லை.

நாளைக் காலையில் வீட்டில் காபி போடும்போது அடுப்பு, ஃப்ரிட்ஜ், சிங்க் நடுவே எத்தனை காலடிகள் ஆகின்றன என்று எண்ணிப் பாருங்கள். லில்லியன் கில்பிரத்தும் எண்ணிக்கையில் இருந்துதான் ஆரம்பித்தார்.