பங்காக் கயிறும் மின்விசிறிக் கம்பியும்

புறநானூற்றின் 50-ஆம் பாடலை ஒரு விசிறியின் கதை என்றே சொல்லலாம். முரசு நீராட்டுக்குச் சென்றிருந்த வேளையில், அதன் கட்டில் என்பதை அறியாமல் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார் மோசிகீரனார். தண்டனைக்குரிய அச்செயலைக் கண்ட சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்கவில்லை; புலவர் விழிக்கும்வரை அருகே நின்று விசிறினான். இந்நிகழ்ச்சியை நாம் இன்றுவரை மறவாதிருப்பதற்குக் காரணம், விசிறுபவர் யார், காற்று வாங்குபவர் யார் என்ற நிலைத்த ஒழுங்கு அங்கே சற்றுநேரம் தலைகீழானதுதான். அவ்வொழுங்கு பிறழாமல் நடந்த அரண்மனைகளிலும் கச்சேரிகளிலும் விசிறியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கூரையில் சுழலும் மின்விசிறியின் வரலாற்றை அப்பெயரற்றவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி வேரூன்றிய ஊர்களில், கையால் வீசும் விசிறி கூரைக்கு ஏறியது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நீண்ட துணி, உத்தரத்திலிருந்து தொங்கும். அதில் கட்டிய கயிறு சுவரின் துளை வழியே வெளித்தாழ்வாரத்துக்குச் செல்லும். அங்கே ஒருவர் அமர்ந்து அதை இழுத்துவிட்டபடி இருப்பார். இதுதான் பங்கா. இறகையும் சிறகையும் குறிக்கும் வடசொல்லிலிருந்து பிறந்த இப்பெயர் தமிழிலும் வழங்கியது. சாப்பாட்டு மேசை, படுக்கையறை, நீதிமன்றம், மாதாகோயில் என எங்கும் அது ஆடியது. காற்று உள்ளே, கை வெளியே. நடுவில் ஒரு சுவர். இந்த அமைப்பை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கோடை இரவுகளில் பங்கா நின்றால் உள்ளே உறங்குபவர் வியர்த்து விழித்துக்கொள்வார். வெளியே இழுப்பவர் களைப்பில் கண்ணயர்ந்திருப்பார். அவர் வாங்கியது பெரும்பாலும் வசவு. சில வேளைகளில் உதை. உதைபட்டு இறந்தவர்களும் உண்டு. அவ்வழக்குகள் நீதிமன்றம் ஏறியபோது, மலேரியாவால் வீங்கியிருந்த மண்ணீரல் கிழிந்ததே சாவுக்குக் காரணம் என்ற மருத்துவச் சான்று மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டது. குற்றவாளி வெள்ளையராயின் அபராதமோ சிறு தண்டனையோ போதுமானதாகக் கருதப்பட்டது. உறங்கியவருக்கு அரசன் விசிறிய பாடலையும், விசிறியபடி உறங்கியதற்காக உயிர்விட்டவர்களின் வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் இந்தக் கருவியின் வரலாறு நமக்குப் புலனாகத் தொடங்குகிறது.

இலக்கியத்தில் அந்தக் கைக்கு ஓர் உருவம் தந்தவர் ஈ. எம். ஃபார்ஸ்டர். 1924-ல் வெளிவந்த ‘எ பாசேஜ் டு இண்டியா’ நாவலின் நீதிமன்றக் காட்சியில், நடப்பது என்னவென்றே அறியாமல் பங்கா இழுக்கும் ஒருவர் வருகிறார். வழக்கு முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் வெறும் மண்டபத்தில் அவர் இழுத்துக்கொண்டே இருக்கிறார். கல்கத்தாவில் மின்சாரம் வந்து கால்நூற்றாண்டு கழிந்த பிறகும் அக்காட்சி வாசகர்களுக்கு வியப்பாகத் தோன்றவில்லை என்பதையும் நாம் கவனிக்கலாம்.

மின்விசிறி பிறந்தது அமெரிக்காவில். ஓடும் நீரின் விசையைத் தோல்பட்டைகளால் கடத்தி, கூரையில் இறக்கைகளைச் சுழற்றும் ஏற்பாடு அங்கே முன்பே இருந்தது. 1882-ல் ஸ்கைலர் வீலர் மேசையில் வைக்கும் மின்விசிறியை உருவாக்கினார். ஜெர்மனியில் பிறந்து சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தில் பணியாற்றிய பிலிப் டீல், அதே பத்தாண்டுகளுக்குள், தையல் இயந்திரத்துக்கென ஆக்கிய மோட்டாரைக் கூரையில் பொருத்தி இறக்கை பூட்டினார். நம் நாட்டிலும் உஷா என்ற ஒரே பெயரில் தையல் இயந்திரமும் மின்விசிறியும் விற்கப்படுவதைக் காணும்போது இந்தப் பழைய உறவு நினைவுக்கு வருகிறது.

சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. கல்கத்தாவின் எமாம்பாக் சந்தில் 1899 ஏப்ரல் 17 அன்று மின்நிலையம் தொடங்கியது. பைக்காராவின் நீர்மின்சாரம் 1932-லும் மேட்டூரின் மின்சாரம் 1937-லும் வந்தபின் கம்பிகள் தமிழகத்தின் சிற்றூர்களை நோக்கி நகர்ந்தன. கம்பி வந்த இடத்தில் கயிறு அறுந்தது. கயிற்றை விட்ட கைகள் பிறகு எந்த வேலைக்குப் போயின என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வரலாற்றை ஏட்டில் மட்டுமல்லாமல் கையாலும் படிக்கலாம். வீட்டில் முதன்முறையாக ஒரு மின்விசிறியை மாட்ட முற்படுபவர் ஸ்டூலின்மேல் நின்று தொடுவது அனைத்தும் அதன் பக்கங்களே. முதலில் கொக்கி. தளம் போடும்போதே கம்பிக்கட்டுடன் பிணைத்து விடப்பட்ட இரும்புக் கொக்கியில்தான், ஐந்து கிலோ அளவுள்ள ஒரு பொருள் ஆண்டுக்கணக்கில் அதிர்ந்தபடி தொங்கப்போகிறது. அடுத்து, தண்டைக் கொக்கியுடன் இணைக்கும் போல்ட். அது கழன்றுவிடாமல் காப்பது விரல்நீளம்கூட இல்லாத ஒரு பிளவுபட்ட ஊசி. அந்த ஊசியைச் செருகி அதன் இரு கால்களையும் விரித்து மடக்கிய பிறகே மற்ற வேலை. இறக்கைகள் தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும்.

பிறகு கம்பிகள். பேஸ் எனப்படும் உயிர்க்கம்பி சுவிட்சையும் ரெகுலேட்டரையும் கடந்து விசிறிக்கு வருகிறது; நியூட்ரல் நேராக வருகிறது; எர்த் கம்பி உலோக உடலைத் தொடுகிறது. பழைய வீடுகளில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. ஆனால் நிறத்தை நம்பிக் கைவைப்பது கூடாது. முன்பு வேலை செய்தவர் சுவிட்சை நியூட்ரலில் வைத்திருந்தால், சுவிட்சை அணைத்தபின் விசிறி நிற்கும். கம்பியில் மின்சாரம் மட்டும் நிற்காது. ஆகவே சுவிட்சை அல்ல, மெயினையே அணைக்க வேண்டும். மின்சாரம் உள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, மெயினை அணைத்தபின் கூரைக் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். ஐயம் சிறிது இருந்தாலும் வயர்மேனை அழைத்துவிடுவதே அறிவு. பங்காவின் காலத்தில் ஆபத்து முழுவதும் சுவருக்கு வெளியே இருந்தது. காற்று வாங்குபவரின் வீட்டுக்குள் அது வந்தது கம்பியோடுதான்.

விசிறியோடு வரும் சிறிய மின்தேக்கிக்கும், கடைவழக்கில் கண்டென்சருக்கும், தனி வரலாறு உண்டு. தொடக்கக்கால விசிறிகள் நேர்த்திசை மின்னோட்டத்தில், தேயும் கரித்துண்டுகளின் உரசலில் ஓடின. சுழலும் காந்தப்புலத்தால் மோட்டாரை இயக்கும் வழியை 1888-ல் கலிலியோ ஃபெராரிஸும் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே வெளியிட்டனர். நம் வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸ் மின்சாரமோ தானாகச் சுழலும் புலத்தைத் தருவதில்லை. அது துடிக்க மட்டுமே செய்கிறது. விசிறிக்குள் இரண்டு கம்பிச்சுற்றுகளை வைத்து, அவற்றுள் ஒன்றின் ஓட்டத்தை மின்தேக்கியால் முன்தள்ளினால், அத்துடிப்பு சுழற்சியாகிறது. மின்தேக்கி பழுதானால் விசிறி உறுமும், ஆனால் சுற்றாது. அப்போது குச்சியால் தள்ளிவிட்டால் பெரும்பாலும் தள்ளிய பக்கமே மெல்லச் சுழலத் தொடங்கும்.

வழக்கமான விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரத்தைக் கொள்கிறது. நிலைக்காந்தங்களும் மின்னணுச் சுற்றும் கொண்ட புதிய வகைக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. 2023 ஜனவரி முதல் இந்தியாவில் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாயிற்று. இந்தக் கணக்கு மின்கட்டணத்தோடு முடிந்துவிடுவதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுபவரும், மழையிரவில் மின்கம்பம் ஏறுபவரும் நம் விசிறியின் கம்பிக்கு அப்பால் இருக்கிறார்கள். கயிறு நீண்டிருக்கிறது, சுவர் தொலைவுக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. ஆனாலும் இழுப்பவரை உதைக்க முடியாத தொலைவு அது என்பதை ஒரு முன்னேற்றமாகவே நாம் எண்ணுகிறோம். அறத்தால் ஆகாத ஒன்று சிலவேளை பொறியியலால் ஆகியிருக்கிறது.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தை வாட்டிய நீண்ட மின்வெட்டுகளின்போது, பரணிலிருந்த பனையோலை விசிறிகள் மீண்டும் கைக்கு வந்தன. அந்த இரவுகளில் பெரும்பாலான வீடுகளில் விசிறியவர்கள் பெண்கள். குழந்தைகளும் முதியவர்களும் உறங்க, அவர்கள் விழித்திருந்தார்கள். விசிறுபவர் யார் என்ற பழைய கேள்விக்கு மின்சாரம் விடை சொல்லவில்லை, அதை மறைத்து வைத்திருந்தது என்பதை அவ்விரவுகள் காட்டின. மோசிகீரனாருக்கு விசிறிய சேரனை நாம் இன்றும் போற்றுகிறோம். அந்த இரவுகளில் விசிறியை வாங்கித் தாமும் சற்று வீசிய ஆண்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் வீடு அறியும்.