கார் ஏசி குளிராமை

கார் ஏசி குளிராமை என்பது காற்று வந்தும் குளிர்ச்சி இல்லாமல் போவதையும், காற்றே போதிய அளவு வராததையும் சேர்த்துக் குறிக்கும். சேலம்–உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலையிலுள்ள தியாகதுருகம் போன்ற ஊர்களில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் இந்தக் குறை பெரும்பாலும் வெளிப்படுகிறது. பட்டறைகளில் முதலில் சொல்லப்படும் காரணம் ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்பது. ஆனால் கேஸ் எனப்படும் குளிர்வாயு பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். ரப்பர் குழாய்கள் வழியே மிகச் சிறிதளவு வெளியேறுவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

பெரும்பாலான இந்தியக் கார்களில் உள்ள குளிர்வாயு ஆர்-134ஏ. வளிமண்டல அழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. முகப்பிலுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் சரிந்து, கூலிங் காயிலுக்குள் ஆவியாகும்போது அறைக்காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது.

குளிர்ச்சி எப்போது போகிறது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் பிடிபடும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது நன்றாகக் குளிர்ந்து, கடைத்தெருவில் நின்றதும் வெக்கை அடித்தால், முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர் ஃபேன். அதன் மோட்டாரோ ரிலேயோ பழுதாகியிருக்கலாம். மக்காச்சோளத்தையும் உளுந்தையும் சாலையிலேயே காயவைக்கும் காலத்தில், கண்டென்சரின் நுண்ணிய தகடுகளுக்கிடையே தூசும் உமியும் அடைந்துகொள்கின்றன. மென்மையான தண்ணீர்ப் பாய்ச்சலில் கழுவினாலே போதும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

முதலில் குளிர்ந்து, ஒரு மணி நேரத்தில் காற்றோட்டமே குறைந்து, சற்று அணைத்துவைத்தபின் மீண்டும் சரியானால் கூலிங் காயிலில் பனி உறைகிறது. அங்குள்ள வெப்ப உணரி பழுதாகியிருக்கலாம். தொடக்கத்திலிருந்தே காற்று மெலிதாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். செலவு மிகக் குறைந்த பழுது இது.

கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைச் சாலையில் ஏசி சற்று நேரம் தளர்ந்தால் அது பழுதாகவே இருக்க வேண்டியதில்லை. இன்ஜின் முழு இழுவையில் இருக்கும்போதோ அளவுக்கு மீறிச் சூடாகும்போதோ கம்ப்ரசரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. சமதளத்திலும் அதுவே தொடர்ந்தால் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ஏசி பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்று மேக்னட் கிளட்ச் ஒட்டுகிறதா என்பது அடுத்த சோதனை. கிளட்ச் இல்லாத சில புதிய வகைக் கம்ப்ரசர்களில் இந்த ஓசை வராது. ஒட்டவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, எலி கடித்த வயர் என்று வரிசையாகப் பார்க்கலாம். வயலோரம் நிறுத்தும் வண்டிகளில் எலிக்கடியை எப்போதும் சந்தேகிக்க வேண்டும். கேஸ் குறைந்தாலும் அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. அந்த சுவிட்சைத் தவிர்த்து நேராக வயர் கொடுத்து ஓட்டுவது பெருந்தவறு: கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் தேய்ந்து இறுகிப்போகும்.

கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள் ஓடாத நிலையின் அழுத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. 35 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ சுமார் 110 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே சிறிதளவு திரவம் மிஞ்சியிருந்தாலும் இதே அளவுதான். ஓடும்போது ஏறத்தாழ தாழ்பக்கம் 25–45, உயர்பக்கம் 200–250 பிஎஸ்ஐ இருப்பது வழக்கம். இரண்டும் குறைந்திருந்தால் கேஸ் பற்றாது. இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம் அல்லது கண்டென்சர் வெப்பத்தை விடவில்லை. தாழ்பக்கம் ஏறி உயர்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசரின் அழுத்தும் திறன் போய்விட்டது.

கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவுவார்கள். ஒளிரும் சாயமும் பயன்படும். கசியும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் தெரியும். அந்த மூட்டின் ரப்பர் வளையமான ஓ ரிங்கை மாற்றியபின் வாக்யூம் போட்டு ஈரத்தை வெளியேற்றாவிட்டால், அது எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். பிறகு பானெட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் வில்லையில் குறித்த எடைக்கு, தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். சிறிய கார்களுக்கு அரை கிலோவை ஒட்டியே தேவைப்படும்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. ஓசோனைக் காக்க 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்பாட்டால் பழைய குளிர்வாயுவான ஆர்-12 விலக்கப்பட்டு ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைத் துளைக்காது. ஆனால் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். 2016-இன் கிகாலி திருத்தம் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது; இந்தியா 2021-இல் அதை ஏற்றது. மீட்பு இயந்திரம் உள்ள பட்டறையில் பழைய கேஸை உறிஞ்சி எடுத்துத் தூய்மைப்படுத்தி மறுபடி ஏற்ற முடியும்.